அமைதிக் கூட்டத்தில் நான் போட்ட கையெழுத்து

சில மாதங்களுக்கு முன் சேலத்தில் சட்டம் படிக்கும் மாணவர்கள் சிலரோடு பேசிக்கொண்டிருந்தேன். பேச்சின் நடுவில் ஒரு தங்கை எழுந்து கேட்டார்: "அண்ணா, எதுக்கெடுத்தாலும் மனு போடுங்க, கோர்ட்டுக்குப் போங்கன்னு சொல்றீங்க. நீங்க மிதவாதிதானே?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராசிபுரம் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கேள்வி உறைத்தது. நம் இயக்கங்களில் 'மிதவாதி' என்பது பாதி வசவு. 'சமரசம்' என்பது முழு வசவு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டை நான் ஒருமுறை தாண்டியிருக்கிறேன். தாண்டியதற்குச் சாட்சியாக ஒரு தாளும் இருக்கிறது.

2009-இல் எனக்கு இருபத்து நான்கு வயது. எங்கள் வளவில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். ஊர்ப் பெயரை எழுதவில்லை, வழக்கு நடக்கிறது. நாமக்கல் பக்கத்துக் கிராமங்கள் எல்லாமே ஏறத்தாழ ஒரே சாயல்தான். ஊர் ஒரு பக்கம், வளவு ஒரு பக்கம். நடுவில் கோழிப்பண்ணைகள், மரவள்ளிக் காடு, ரிக் வண்டி நிற்கும் மைதானம். மாரியம்மன் கோயில் ஊருக்குள் இருக்கும். பண்டிகைக்கு எங்களிடமும் வரி உண்டு. பறை அடிக்க எங்களைக் கூப்பிடுவார்கள். ஆனால் எங்கள் பெண்கள் மாவிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டோரப் புளியமரத்தடியில் நிற்க வேண்டும். பூசாரி வெளியே வந்து தீபம் காட்டிவிட்டுப் போவார்.

அந்த வருடம் எங்கள் பையன்கள் நான்கு பேரும், இரண்டு அக்காக்களும் மாவிளக்கோடு உள்ளே போய்விட்டார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் அன்றிரவே பால் சொசைட்டியில் எங்கள் பாலை ஊற்ற முடியவில்லை. மறுநாள் காலை கோழிப்பண்ணை வேலைக்குப் போன பெண்கள் திரும்பி வந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அமைதிக் கூட்டத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

அமைதிக் கூட்டம் எப்படி நடக்கும் என்று தெரியாத தம்பி தங்கைகளுக்காகச் சொல்கிறேன். ஓர் அரசு அலுவலகம். நீள மேசை. ஒரு பக்கம் ஊர்க்காரர்கள், எதிர்ப் பக்கம் நாம். நடுவில் அதிகாரி, ஓரத்தில் போலீஸ். டீ வரும். அன்றைக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி கப்பு, அதுவே ஒரு பெரிய சமத்துவம்போல் இருக்கும். அதிகாரி "இரு தரப்பும்" என்று ஆரம்பிப்பார். அந்தச் சொல்லிலேயே பாதி வேலை முடிந்துவிடும். உள்ளே போகிறவருக்குச் சட்டம் துணை நிற்கிறது, தடுக்கிறவர் குற்றம் செய்கிறார். ஆனால் அந்த மேசையில் இருவரும் 'தரப்பு' ஆகிவிடுவார்கள், வரப்புத் தகராறில் இரண்டு பங்காளிகளை உட்கார வைத்ததுபோல. அப்புறம் 'விட்டுக்கொடுத்தல்' வரும். ஒரு தரப்பிடம் விட்டுக்கொடுக்க உரிமை இருக்கிறது. மறு தரப்பு எதை விட்டுக்கொடுக்கும்? தடுப்பதையா? அதை யாரும் கேட்பதில்லை.

அதிகாரி என்னைப் பார்த்துத்தான் பேசினார். "நீங்க படிச்சவங்க தம்பி. நீங்க சொன்னா இவங்க கேப்பாங்க. பழைய நடைமுறையே தொடரட்டும். சட்டம் ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குதில்ல?" அவர் கெட்டவர் இல்லை. குரல் உயர்த்தவில்லை. என்னை 'வாங்க போங்க' என்றார். வாழ்நாளெல்லாம் 'டா' போட்டே கூப்பிடப்பட்ட வளவிலிருந்து வந்த ஒருவனுக்கு ஒரு 'வாங்க' என்ன செய்யும் என்பதை உங்களில் சிலராவது அறிவீர்கள். நான் எங்கள் ஆட்கள் பக்கம் திரும்பி நியாயம் பேச ஆரம்பித்தேன். வேலை போகிறது, பால் கெடுகிறது, படிக்கிற பிள்ளைகள் ஊர் வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும், இந்த வருடம் பொறுத்துக்கொள்ளலாம், சட்டப்படி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஒன்றுகூடப் பொய் இல்லை.

என் பெரியப்பா மட்டும் எழுந்தார். சேகோ ஆலையில் கிழங்கு தோல் உரித்துக் கை வெளுத்துப்போன மனிதர். "ஏண்டா கண்ணு, உள்ள போற உரிமை சட்டத்துலயே இருக்குதுன்னு நீதான சொன்ன? இருக்கறத இல்லைன்னு எதுக்குடா எழுதிக் குடுக்கோணும்?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் கைநாட்டு வைக்காமல் வெளியே போய்ப் பீடி பற்றவைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கீழே பதினொரு பேர்.

ஆறு வருடங்கள் கழித்து அதே மாதிரி ஒரு தாளைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தேன். 2015 ஜனவரி 12, நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகம். பெருமாள்முருகன் அப்போது நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். 2010-இல் வந்த 'மாதொருபாகன்' நாவலை நான்கு வருடம் கழித்துத் திருச்செங்கோட்டில் எரித்தார்கள். கடையடைப்பு நடந்தது. பிறகு அமைதிப் பேச்சுவார்த்தை. ஒரு பக்கம் எழுத்தாளர், மறுபக்கம் திரண்டு வந்தவர்கள், நடுவில் அரசு. நிபந்தனையற்ற வருத்தம் எழுதி வாங்கப்பட்டது. எழுத்தாளனாகத் தான் செத்துவிட்டதாக அவர் அறிவித்தார்.

அந்தச் செய்தியைப் படித்தபோது என் நண்பர்கள் கருத்துரிமை பற்றிப் பேசினார்கள். எனக்கு அந்த மேசைதான் கண்ணில் தெரிந்தது. சேரிகளுக்கென்றே வைத்திருந்த மேசை அது. கொங்குப் பகுதியின் ஆதிக்க சாதியிலேயே பிறந்த ஒரு பேராசிரியரையும் ஒரு நாள் அதே மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். கொஞ்சம் குரூரமாக ஒன்று சொல்கிறேன், மன்னியுங்கள்: அன்று எனக்கு ஒரு நிமிடம் ஆறுதலாக இருந்தது, நான் மட்டும் இல்லை என்று.

ஐந்து மாதம் கழித்து, அதே திருச்செங்கோட்டு மலை. 2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ், இருபத்தொரு வயது, பொறியியல் முடித்தவர், தன்னோடு படித்த தோழியோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குப் போனார். தோழி கவுண்டர் சாதி. கோயிலில் வைத்து ஒரு கும்பல் அவரை அழைத்துப் போனது. மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் தலை துண்டான உடலாகக் கிடைத்தார். தற்கொலை என்று காட்டப் பார்த்தார்கள். உறவினர்கள் உடலை வாங்க மறுத்துச் சேலம் அரசு மருத்துவமனையில் உட்கார்ந்த அந்த நாட்களில் நானும் அங்கே நின்றவன். தேடப்பட்ட யுவராஜ் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸப்பில் பேசினார், தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். வழக்கை விசாரித்த திருச்செங்கோடு டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா, அவரும் தலித்துதான், செப்டம்பர் 18-இல் தன் குடியிருப்பில் இறந்து கிடந்தார். அந்த நாட்களில் என்னிடம் யாராவது 'நீதிமன்றத்தை நம்பு' என்று சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

ஆனால் அந்த வழக்கை நீங்கள் படிக்க வேண்டும், குறிப்பாகச் சட்டம் படிக்கிறவர்கள். முக்கிய சாட்சியான தோழி பிறழ்சாட்சி ஆனார். நாமக்கல்லில் விசாரணை நியாயமாக நடக்காது என்று கோகுல்ராஜின் தாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு மதுரைக்கு மாறியது. ப.பா.மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக வந்தார். கண்ணால் பார்த்த சாட்சி கைவிட்ட பிறகு கோயில் கேமராவின் காட்சிப் பதிவுதான் வழக்கின் முதுகெலும்பு. அதை எப்படி எடுத்தார்கள், யார் எடுத்தார்கள், மின்னணுச் சான்றுக்கான 65பி சான்றிதழ் சரியாக இருக்கிறதா, இதன் மீதுதான் வாதம் சுழன்றது. 2022 மார்ச்சில் பத்துப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது, ஐந்து பேர் விடுதலை. யுவராஜுக்குச் சாகும்வரை சிறை. மேல்முறையீட்டில் நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷும் என்.ஆனந்த் வெங்கடேஷும் 2023 ஜனவரியில் கோயிலுக்கே நேரில் வந்து கேமரா இருந்த இடங்களையும் வாசல்களையும் பார்த்தார்கள். அந்த ஜூனில் தண்டனை உறுதியானது. இருவருக்கு மட்டும் குறைந்தது.

தெருவில் உட்காராமல் இருந்திருந்தால் அது தற்கொலையாகவே மூடப்பட்டிருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். உட்கார்ந்ததோடு நின்றிருந்தால் யுவராஜ் இன்று மேடையில் இருந்திருப்பார் என்று நான் சொல்வேன். அதுவும் சரிதான்.

நீதிமன்றத்தின் மேல் எனக்குப் பக்தி இல்லை. 1968-இல் கீழவெண்மணியில் 44 பேரை எரித்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1973-இல் நிலக்கிழார்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் பணக்காரர்கள் நேரில் போய்த் தீ வைத்திருப்பார்களா என்ற ரீதியில் அந்தத் தீர்ப்பு யோசித்தது. உடுமலை சங்கர் கொலையில் கௌசல்யாவின் தந்தை 2020-இல் விடுதலையானார். இதையெல்லாம் மறைத்துவிட்டு 'சட்டம் தன் கடமையைச் செய்யும்' என்று பேசுகிறவர் மிதவாதி இல்லை, விளம்பரக்காரர். பிறகு ஏன் போகிறோம்? எங்கள் அருந்ததியர் மக்களுக்கான 3 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் 2009-இல் வந்து, 2024 ஆகஸ்ட் 1-இல் உச்ச நீதிமன்றத்தில் நிலைத்தது. (இதில் உங்களில் சிலருக்கு மாற்றுக் கருத்து இருக்கும், அதைத் தனியாகச் சண்டை போடுவோம்.) அதைத் தெருவில் கேட்டோம், சட்டமன்றத்தில் வாங்கினோம், நீதிமன்றத்தில் காப்பாற்றினோம். மூன்று இடத்திலும் ஆள் தேவைப்பட்டது.

இந்த மண்ணின் பேர்போன மிதவாதி ஒருவரைப் பற்றியும் பேசிவிட வேண்டும். ராஜாஜி சேலத்தில் வக்கீல், 1917 முதல் சேலம் நகராட்சித் தலைவர், 1925-இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர். தீண்டாமை கூடாது என்று அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் 1938-இல் அவர் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது எம்.சி.ராஜா ஆலய நுழைவு மசோதா கொண்டுவந்தார். திரும்பப் பெறச் சொன்னார் ராஜாஜி. ராஜா மறுத்தார். ஆளுங்கட்சியின் எண்ணிக்கை பலத்தில் மசோதா தோற்றது. மலபாருக்கு மட்டும் ஒரு சட்டம் வந்தது. 1939 ஜூலை 8-இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் நம் மக்கள் நுழைந்த பிறகு, நுழைய விட்டவர்களைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. எல்லாக் கோயிலையும் திறக்கும் சட்டம் 1947 வரை காத்திருந்தது. ராஜா கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையில் ஒன்பது வருடம். 'மெதுவாக' என்பதை யார் சொல்கிறார், யார் தலையில் அது விடிகிறது என்று அப்போதே எம்.சி.ராஜா கண்டுகொண்டார்.

இதே காலத்தில் மெதுவாகப் போன இன்னொருவரும் இருக்கிறார். 1927 டிசம்பரில் மகாத் குளத்தில் இரண்டாம் முறை தண்ணீர் எடுக்க ஆயிரக்கணக்கானவர்கள் கூடியிருந்தார்கள். சாதி இந்துக்கள் உரிமையியல் நீதிமன்றத்தில் தற்காலிகத் தடை வாங்கியிருந்தார்கள். அண்ணல் அம்பேத்கர் கூட்டத்தைச் சமாதானப்படுத்திப் போராட்டத்தைத் தள்ளிவைத்தார். கோபத்தோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் வழக்காடினார். 1937-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வென்றார்.

பத்து வருடம் அவரும் காத்திருந்தார். ஆனால் 'குளம் எங்களுடையது இல்லை' என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. 2009-இல் நான் போட்டேன். பெரியப்பா பீடி பற்றவைத்துக்கொண்டே கேட்டது இதைத்தான் என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆனது.

கோயிலே வேண்டாம், எதற்கு அங்கே போய் நிற்கிறீர்கள் என்று தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1971-இல் பெரியார் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடத்திய ஊர் சேலம். அந்தக் கேள்விக்கு இங்கே வேர் உண்டு. எனக்கும் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் என் அம்மாவுக்கு உண்டு. அவரிடம் ஒருமுறை இதைச் சொல்லிப் பார்த்தேன். "நான் ஆத்தாளப் பாக்கத்தான் போறேன். அவங்களப் பாக்கவா போறேன்?" என்று கேட்டுவிட்டு மாவு இடிக்கப் போய்விட்டார். எந்தச் சாமியைக் கும்பிடுவது, கும்பிடாமல் இருப்பது என்பதை அம்மா முடிவு செய்யட்டும். வாசலில் நின்று தடுக்கிறவனும் முடிவு செய்யக் கூடாது, பகுத்தறிவு பேசும் மகனும் முடிவு செய்யக் கூடாது. அறநிலையத் துறைக் கோயில் பஸ் ஸ்டாண்டு மாதிரி ஒரு பொது இடம். பஸ்ஸில் ஏறாதவனும் பஸ் ஸ்டாண்டில் நுழையும் உரிமைக்காக நிற்கலாம்.

சட்டத்தில் இது குழப்பமான விஷயமும் இல்லை. அரசமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 25(2)(பி) பொதுத்தன்மை கொண்ட இந்துக் கோயில்களை எல்லாருக்கும் திறக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. 'இது எங்கள் பிரிவின் கோயில்' என்று தென் கன்னட முல்கியிலிருந்து வந்த வெங்கடரமண தேவரு வழக்கில், பிரிவின் உரிமையும் அந்தத் திறப்புக்குக் கட்டுப்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 1957-இல் சொல்லிவிட்டது. 2025-இல் பொன்காளியம்மன் கோயில் நிர்வாகம் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், சாதி ஒரு சமயப் பிரிவு ஆகாது என்று தெளிவாக்கியது. சட்டம் இத்தனை தெளிவாக இருந்தும் 2024 மே மாதம் ஓமலூர் அருகே தீவட்டிப்பட்டியில் மாரியம்மன் கோயில் நுழைவுக்காகப் பேச்சுவார்த்தைக்கு உட்கார வைத்தார்கள். அது கல்வீச்சிலும் கடைகள் எரிந்ததிலும் முடிந்தது. 1947-இலேயே முடிவான விஷயத்தில் 2024-இல் எதைப் பேசித் தீர்ப்பது?

எங்கள் ஊருக்கு வருகிறேன். 2016 ஜூலை 5-இல் 'மாதொருபாகன்' வழக்கில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌலும் நீதிபதி புஷ்பா சத்யநாராயணாவும் தீர்ப்புச் சொன்னார்கள். நாவலுக்குத் தடை இல்லை. பிடிக்காதவர் படிக்காமல் இருக்கலாம். எழுத்தாளர் மறுபடி எழுதட்டும். இதைத்தான் எல்லாரும் கொண்டாடினார்கள். எனக்கு வேறொரு வரி முக்கியமாக இருந்தது: அந்த ஜனவரி 12 அமைதிக் கூட்டத்தில் எழுதி வாங்கியது யாரையும் கட்டுப்படுத்தாது. நான் அந்தப் பகுதியை போனில் மூன்று முறை படித்தேன். பிறகு பெட்டியைத் திறந்து என் 2009 நகலை எடுத்தேன். பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். "இதச் சொல்ல ஜட்ஜு வேணுமாக்கும்?" என்றார். இரண்டு வருடம் கழித்து இறந்துபோனார். உடலை ஊர் வழியாகக் கொண்டுபோக முடியவில்லை. பின்வழியாகத்தான் போனோம்.

2022-இல் வளவில் ஒன்பது பேர் சேர்ந்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டோம். பயமாகத்தான் இருந்தது. பால் சொசைட்டி நினைவு யாருக்கும் போகவில்லை. எதிர்த்தரப்பின் கவுன்டர் அஃபிடவிட் வந்தபோது வக்கீல் என்னைக் கூப்பிட்டு ஒரு பக்கத்தைக் காட்டினார். 'மனுதாரர் சமூகத்தினரே பழைய வழக்கத்தை ஏற்று எழுதிக் கொடுத்துள்ளனர்' என்று வாதம், அதற்கு ஆதாரமாக அந்தத் தாள். முதல் கையெழுத்து, நீலப் பேனா, கல்லூரியில் பழகிய அழகான கையெழுத்து. கீழே என் பட்டத்தையும் எழுதியிருக்கிறேன்.

எங்கள் பதிலில் 2016 தீர்ப்பைச் சொல்லியிருக்கிறோம். என் தனி உறுதிமொழிப் பத்திரமும் இருக்கிறது: எந்த நிலைமையில் கையெழுத்துப் போட்டேன், வேலையும் பாலும் எப்படி நிறுத்தப்பட்டன, ஏன் அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று. வக்கீல் அந்தப் பத்திரத்தை மூன்று முறை திருத்தச் சொன்னார். முதல் இரண்டிலும் என்னை நியாயப்படுத்தியே அதிகம் எழுதியிருந்தேனாம்.

தங்கை, மிதவாதியா என்று கேட்டீர்களே. ஆமாம். கல் எறியாதே என்று இன்னும் சொல்வேன். வழக்கு எண்ணைக் குறித்து வைத்துக்கொள், ரசீது வாங்கு, மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கு என்று சலிக்கும்வரை சொல்வேன். அமைதிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போ, டீ குடி, மரியாதையாகப் பேசு. 'தடுக்கிறவர் மேல் என்ன நடவடிக்கை?' என்று மட்டும் கேள். பேனாவை வீட்டில் வைத்துவிட்டுப் போ.

அம்மாவுக்கு எழுபத்தொன்று. போனில் பேசும்போதெல்லாம் பேத்தியின் படிப்பை விசாரிப்பார், மழை பெய்ததா என்று கேட்பார், கடைசியில் வைக்கப் போகும்போது கேட்பார்: "வாய்தா என்னைக்குச் சாமி?"